சாஃப்ட்பால் பிட்சிங்கில் 'ரிஸ்ட் ஸ்னாப்' பயிற்சி என்றால் என்ன? குழந்தைக்கு அதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டுமா?

ஆமாம். சாஃப்ட்பால் பேஸ்பால் போன்ற விளையாட்டு; அதில் மட்டையாளருக்குப் பந்து வீசுவதுதான் பிட்சிங், அதைக் கீழ்க்கையாக வீச வேண்டும். பந்து இடுப்பருகே கையை விட்டுப் பிரியும் கணத்தில் மணிக்கட்டைச் சுண்டுவதுதான் ரிஸ்ட் ஸ்னாப். பம்பரத்தில் கயிற்றைக் கடைசியில் சுண்டி இழுப்போமே, அதே வேலை: பந்து சுழல்வது இதில்தான்.

கையை முழுவட்டமாகச் சுற்றி வீசும்போது தவறு எங்கே என்று பிள்ளைக்குப் புரியாது. அதனால் பிரித்துப் பழக்குகிறார்கள். பத்தடி தள்ளி யாராவது பந்தைப் பிடிக்கட்டும். பிள்ளை மேல்கையை உடலோடு ஒட்டி, முழங்கைக்குக் கீழே மட்டும் அசைத்து வீசட்டும். பந்தைச் சுற்றி ஒரு கலர் டேப் ஒட்டுங்கள்; சுழற்சி நேரானால் கோடு நேராகத் தெரியும், கோணலானால் தள்ளாடும். அப்புறம்தான் முழுச் சுற்று. இதைப் பழக அப்பார்ட்மென்ட் கார் பார்க்கிங்கே போதும். மொட்டை மாடி வேண்டாம், பந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

கீழ்க்கை வீச்சு தோளை வருத்தாது, எவ்வளவு வேண்டுமானாலும் வீசலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, இதிலும் தோளுக்கு ஓய்வு வேண்டும்.