கிழக்கு திமோரின் பள்ளிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போருக்குப் பிந்தைய நாடுகள் பற்றிய உங்கள் குறிப்பில், இந்தோனேசியாவிடமிருந்து பிரிந்த கிழக்கு திமோரில் பள்ளிகளை அவசரமாகத் திறந்தது சரிதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பாடத்திட்டம் இல்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இல்லை, எந்த மொழியில் கற்பிப்பது என்பதிலும் தெளிவில்லை. ஓராண்டு பொறுத்து முறையாகத் தொடங்கியிருந்தால் பிள்ளைகள் இத்தனை பின்தங்கியிருக்க மாட்டார்களே? பெரும்பாலோருக்குத் தெரியாத போர்த்துகீசியத்தை ஏன் பயிற்றுமொழி ஆக்கினார்கள்? வரலாற்றுப் பாடத்தை என்ன செய்வது?

ச., மதுரை

அன்புள்ள ச.,

ஓராண்டு பொறுத்திருந்தால் பாடத்திட்டம் கிடைத்திருக்கும், ஆசிரியர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் மக்கள் இந்தோனேசியாவிடமிருந்து விடுதலையைத் தேர்ந்தார்கள். அடுத்த சில வாரங்களில், இந்தோனேசிய ராணுவத்தின் துணையோடு ஆயுதக் குழுக்கள் நாட்டையே கொளுத்தின. பள்ளிகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு எரிந்தன அல்லது சிதைந்தன. பிறகு ஐ.நா. நிர்வாகம் வந்தது. இப்படி ஒரு நிர்வாகம் வந்து இறங்கினால் அதற்கு ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர், காவலாளி என்று ஆள் வேண்டும். சம்பளமும் உள்ளூர் ஆசிரியருக்குக் கிடைப்பதைவிட அதிகம். பள்ளியைப் பூட்டி வைத்தால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் முதலில் அங்கேதான் போவார்கள். பதினான்கு வயதுப் பையனும் ஓராண்டு வேலைக்குப் போய்விட்டால் வகுப்புக்குத் திரும்புவது அரிது.

கட்டடம் இதில் சுலபமான பகுதி. சுவர்கள் பல இடங்களில் நின்றன, மரச்சட்டமும் தகரமும்தான் போயிருந்தன. அதனால் புதிதாகக் கட்டாமல் கூரை போட்டு, நனையாத சில அறைகளைத் தயார் செய்யும் வேலை நடந்தது. நவம்பரில் மழை தொடங்கினால் மலைப்பாதைகளில் லாரி ஏறாது. அதற்குள் தகரம் போய்ச் சேர வேண்டும். 2000 அக்டோபரில் பள்ளியாண்டு முறையாகத் தொடங்கியது. இந்த வகை அவசரப் பணியில் வழக்கமாக விடுபடுவது தண்ணீரும் கழிப்பறையும். கூரையைப் புகைப்படம் எடுத்து நிதி கொடுத்தவருக்கு அனுப்பலாம், கழிப்பறையை யார் எடுக்கிறார்கள்? விளைவு, வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.

ஆசிரியர் கணக்குதான் சிக்கல். இடைநிலைப் பள்ளி ஆசிரியர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் இந்தோனேசியர்கள், கிட்டத்தட்ட எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். கல்லூரியில் பாதியில் நின்ற மாணவர்களை வைத்து அந்த இடத்தை நிரப்பினார்கள். தொடக்கப் பள்ளிகளில் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள், ஆனால் அரசு ஆவணங்கள் எரிந்துபோனதால் யார் ஆசிரியர் என்பதற்குச் சான்று இல்லை. இந்த நிலையில் செய்ய வேண்டிய முதல் காரியம் பயிற்சி அல்ல, பட்டியல். பள்ளிவாரியாகப் பெயர் எழுதி, ஊர்க்காரர்கள் முன்னால் படித்துக் காட்டி, ஒரே நாளில் எல்லாப் பள்ளியிலும் தலை எண்ண வேண்டும். வெவ்வேறு நாளில் எண்ணினால் ஒரே ஆள் இரண்டு பள்ளிகளில் நிற்பார். சம்பளம் மாவட்டத் தலைநகரில் மட்டும் கிடைக்கும் என்றால், அதை வாங்கப் போய்வரும் நாட்களில் மலைக்கிராமப் பள்ளி மூடிக்கிடக்கும். போதாத சம்பளம் என்ன செய்யும் என்பதற்குக் கம்போடியா உதாரணம். போல் போட் ஆட்சி விழுந்த 1979-ல் அங்கே சில வாரப் பயிற்சியோடு ஆட்களை வகுப்பில் நிறுத்தி, ஊதியமாக அரிசி கொடுத்தார்கள். அன்றைக்கு வேறு வழியில்லை. ஆனால் பணமாக ஊதியம் வந்த பிறகும் அது வயிற்றுக்குப் போதவில்லை. மாணவரிடமே தினமும் காசு வாங்குவது வழக்கமாயிற்று. 2014-ல் பள்ளி இறுதித் தேர்வில் காப்பியடிப்பதைக் கண்டிப்பாகத் தடுத்தபோது, முந்தைய ஆண்டு 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்த தேர்ச்சி 26 விழுக்காட்டுக்கு இறங்கியது.

பயிற்றுமொழி பற்றிய உங்கள் கேள்வியில் நானும் உங்கள் பக்கம்தான். 2001-ல் எடுத்த கணக்கில் போர்த்துகீசியம் பேசியவர்கள் சுமார் 5 விழுக்காடு, இந்தோனேசியம் 43, நாட்டில் பரவலாகப் பேசப்படும் உள்ளூர் மொழியான தேத்தும் 82. தலைவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் இந்தோனேசியா நாட்டைப் பிடித்த 1975-க்கு முன், போர்த்துகீசிய ஆட்சியில் அந்த மொழியில் படித்தவர்கள், இந்தோனேசியாவை எதிர்த்த இயக்கத்தின் மொழியும் அதுதான். தேத்துமில் அப்போது நிலைத்த எழுத்துமுறையோ பாடநூல்களோ இல்லை. போர்த்துகலோ நூலும் ஆசிரியர்களும் தரத் தயாராக இருந்தது. கீழ் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே ஏற்றினார்கள். மேல் வகுப்புகள் அதுவரை இந்தோனேசியத்திலேயே ஓடின.

காகிதத்தில் இது நல்ல திட்டம். வகுப்பறையில் நடந்தது வேறு. பிள்ளை வீட்டில் மக்காசாயியோ ஃபத்தாலுக்குவோ பேசுகிறது. இந்தோனேசியத்தில் படித்த ஆசிரியர், மாலை வகுப்பில் தானே போர்த்துகீசியம் கற்றுக்கொண்டிருக்கிறார். பலகையில் எழுதிப்போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதும், பிறகு அதையே தேத்துமில் விளக்குவார். நேரத்தில் பாதி அதிலேயே போகும். கையெழுத்து அழகாக இருக்கும், வாசிக்கத் தெரியாது. 2009-ல் உலக வங்கி நடத்திய வாசிப்புச் சோதனையில், முதல் வகுப்பு முடித்தவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரால் எளிய பத்தியில் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியவில்லை. இதற்கு அவசரமாகத் திறந்ததைக் குற்றம் சொல்ல முடியாது, திறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

திருத்தமும் அங்கேயே நடந்தது. 2012-ல் ஃபத்தாலுக்கு, கலோலி, பைகேனோ பேசும் மூன்று பகுதிகளில் சில பள்ளிகள் வீட்டுமொழியில் தொடங்கின. நாட்டைப் பிளக்கும் என்று அரசியலில் எதிர்ப்பு வந்தது. அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் மற்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட முன்னே நின்றார்கள். 2015-ல் வந்த புதிய தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டம் எழுத்தறிவைத் தேத்துமில் தொடங்கி, போர்த்துகீசியத்தை முதலில் வாய்ப்பேச்சாகப் புகுத்தியது. ஆசிரியர் கையில் நாள்வாரியான பாடக்குறிப்பும் இருந்தது. பயிற்சி குறைந்த ஆசிரியருக்கு ஆண்டுக்கொருமுறை நடக்கும் பட்டறையைவிட அது மேல் என்பது என் கணிப்பு. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் அவரைத் தனியே பாடம் அமைக்கச் சொல்வது கொடுமை.

வரலாறு பற்றி: ருவாண்டா 1994 இனப்படுகொலைக்குப் பிறகு வரலாற்றுப் பாடத்தைப் பல ஆண்டுகள் நிறுத்தியே வைத்தது. பாடம் இல்லாவிட்டாலும் வீட்டில் கதை நடக்கும், அதுவும் ஒரு பக்கக் கதையாகத்தான். இனப்போர் முடிந்த போஸ்னியாவில் அதற்கு நேரெதிர், ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பாடம். ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிகள், இரண்டு பாடநூல்கள், சில இடங்களில் வாசல்கூட இரண்டு. இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் ருவாண்டா செய்ததைச் சொல்வேன். நிறுத்திவைத்ததை மறுபடி தொடங்கலாம். தனித்தனிப் பள்ளியாகிவிட்டால் இரண்டு தலைமையாசிரியர்கள், இரண்டு கட்சிகள், இரண்டு வேலைவாய்ப்புப் பட்டியல்கள் வந்துவிடும். அவற்றை இணைக்க இன்றுவரை அங்கே யாராலும் முழுதாக முடியவில்லை.