புருனோவும் இன்னொன்றும்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக உங்களை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். புருனோ லேப்ரடார், நான்கு வயது. யார் வந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு மேலே விழும். நான் அழுதால் புருனோ வந்து மடியில் தலை வைக்கும். கையையே பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவு பாசம். ஒன்றரை வருடம் முன்பு ஒரு சிப்பிப்பாறையும் வாங்கினோம். நம் நாட்டு இனங்களை நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று கணவர் உறுதியாக இருந்தார். ஆனால் இது கூப்பிட்டால் வருவதில்லை. வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தொட்டால் பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். விலா எலும்பு தெரிகிறது, சோறு போடுவதில்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். காது கேட்கவில்லையோ என்றும் சந்தேகம். பழக்குகிறவரை வரவழைத்தோம், இது வீட்டுக்கு ஆகிற நாய் இல்லை என்றார். தாராபுரம் பக்கம் கொழுந்தனார் தோட்டத்துக்குக் கேட்கிறார். புருனோவைப் போல இதையும் பாசமாக மாற்ற வழி உண்டா, இல்லை அனுப்பிவிடலாமா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்,

இலக்கியக் கேள்வி இல்லை என்று மன்னிப்பெல்லாம் வேண்டாம். நாவல் எழுதுவது எப்படி என்று வாரத்துக்குப் பத்துக் கடிதம் வருகிறது, பாதிக்கு நான் பதில் போடுவதே இல்லை. உங்களுடையதற்கு அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் இதே ஜோடி, லேப்ரடார் ஒன்று சிப்பிப்பாறை ஒன்று. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடலாம். காது கேட்காத பிரச்சினை ராஜபாளையம் நாய்களில் பேசப்படுவது, முழு வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருவது. உங்களுடையது செம்பழுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்வீட்டு மதிலில் அணில் ஓடினால் தலை திரும்புகிறது என்று நான்காம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள் (கடிதத்தைச் சுருக்கிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்). காது கேட்கிறது, நீங்கள் கூப்பிட்டால் வரவில்லை, அவ்வளவுதான். விலா எலும்பு தெரிவது ஓடும் நாயின் உடல்வாகு. கடைசி இரண்டு மூன்று விலா தெரியாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முதல் ஆறு மாதம் எங்கள் வீட்டு வாசலில் நின்று "பாவம் சார், ஒரு வாய் சோறு வைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதே வாசலில் 42 கிலோ லேப்ரடார் மல்லாந்து கிடந்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. டாக்டர் திட்டியது இந்த 42 கிலோவுக்குத்தான். சொந்தக்காரர்களை விடுங்கள்.

பழக்குகிறவர் சொன்னது. அவரையும் விடுங்கள்.

இனி பாசம். எங்கள் லேப்ரடாரின் பெயர் லட்டு, மகள் வைத்தது, வைத்த வேளை அப்படி. இட்லி மாவு, துணி சோப்பு, என் கையெழுத்துப் பிரதியின் பதினேழு பக்கம், ஒரு முறை விநாயகர் சதுர்த்திக்கு வாங்கிய களிமண் பிள்ளையாரின் கால் என்று எதையும் விட்டதில்லை. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லேப்ரடார்களைச் சோதித்துப் பார்த்ததில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததைச் சொல்கிற வேலையில் பங்குள்ள ஒரு மரபணுவில் சிறு துண்டு விடுபட்டிருந்தது. அதாவது சாப்பிட்டும் பசி அடங்காது. உங்கள் புருனோ கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று உருகியிருக்கிறீர்கள், கையில் என்ன இருந்தது என்று எழுதவில்லை. கோபப்படாதீர்கள். லட்டுவின் பசி எங்கே முடிந்து பாசம் எங்கே தொடங்குகிறது என்று எனக்கும் தெரியாது, லட்டுவுக்கும் தெரியாது. நான் காய்ச்சலில் கிடந்தபோது கட்டிலடியில் மூன்று நாள் படுத்திருந்ததும் அதே லட்டுதான், அந்த மூன்று நாளும் கஞ்சியில் பாதி அதற்குத்தான் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கனடாவில் இருக்கும் லேப்ரடார் என்ற பகுதியின் பெயர் இருந்தாலும் அதன் மூதாதைகள் வந்தது பக்கத்திலிருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து. மீனவர்களோடு படகில் இருந்து, வலையிலிருந்து நழுவிய மீனையும் அறுந்த கயிற்றையும் குளிர்த் தண்ணீரில் குதித்துக் கவ்விவந்து கையில் கொடுத்த நாய்கள். அப்புறம் இங்கிலாந்தில் துப்பாக்கிக்காரர்கள் சுட்ட வாத்தை எடுத்துவரப் பழக்கினார்கள். முந்நூறு வருடமாக அதன் வேலையே மனிதன் கையைப் பார்ப்பதும் அந்தக் கைக்குத் திரும்பி வருவதும். சிப்பிப்பாறையின் வேலை நேர் எதிர். கரிசல் காட்டில் முயல் கிளம்பினால் அது கண்ணால் பார்த்து ஓட வேண்டும், மனிதக் கால் எட்டாத தூரத்துக்கு, மனிதக் குரலும் எட்டாத தூரத்துக்கு. அங்கே போய் எந்தப் பக்கம் மடக்குவது என்று அதுவே முடிவு பண்ண வேண்டும். அரை பர்லாங்குக்கு ஒருமுறை திரும்பி "அண்ணாச்சி, இப்போ என்ன செய்யட்டும்" என்று முகத்தைப் பார்க்கிற நாயை என் தாத்தா ஒரு வாரம் வைத்திருக்க மாட்டார். விருதுநகர் மாவட்டத்தில் சிப்பிப்பாறை என்ற ஊரின் பெயரைத் தாங்கிய நாய் அது. அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக எதைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்களோ அதை நீங்கள் காசு கொடுத்து வாங்கி வந்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்கிறீர்கள்.

ஆனால் எனக்கு எரிச்சல் வந்தது இதற்கெல்லாம் இல்லை.

உங்கள் முழுக் கடிதத்தில் புருனோ என்ற பெயர் பத்தொன்பது முறை வருகிறது. பேனாவை வைத்து எண்ணினேன். மற்ற நாயை "சிப்பிப்பாறை", "இது", "அது", "இன்னொன்று", ஓரிடத்தில் "நம்ம நாட்டு நாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை வருடம். அதற்குப் பெயர் என்ன? மறந்துவிட்டதா, இல்லை வைக்கவே இல்லையா? வைத்திருந்தால் நான்கு பக்கத்தில் ஒருமுறையாவது பேனாவிலிருந்து தவறி விழுந்திருக்கும். கூப்பிட்டால் வருவதில்லை என்கிறீர்கள். எதைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள்?

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன். நாட்டு இனம் என்று உணர்ச்சிவசப்பட்டு வாங்குவார்கள். வருகிறவர்களிடம் வாசலில் நிறுத்திக் காட்டுவார்கள். கன்னி, கோம்பை, ராஜபாளையம் என்று வரிசையாகச் சொல்வார்கள், ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலை வந்ததைச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கும் நாய்க்குப் பெயர் இருக்காது, இனத்தின் பெயர்தான் அதற்கும். உள்ளே ஏசி அறையில் பக் என்கிற வெளிநாட்டு நாய் ஒன்று இருக்கும். அதற்கு ஒரு பெயர், ஒரு செல்லப் பெயர், பிறந்தநாள், கேக். உங்கள் கணவர் நல்லவர்தான், சந்தேகமில்லை. ஒரு கொள்கையை வாங்கி வந்தால் அதற்குப் பெயர் வைக்கத் தோன்றாது.

திட்டுகிற அருகதை எனக்கும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலும் எட்டு மாதம் சிப்பிப்பாறை பெயரில்லாமல்தான் இருந்தது. குட்டியாக வந்தபோது ஆளுக்கொரு பெயர் சொன்னோம், எதற்கும் அது திரும்பவில்லை. லட்டு எல்லாப் பெயருக்கும் வந்தது. விட்டுவிட்டோம். வேண்டும்போது "இந்தா" என்போம்.

அந்தத் தீபாவளி இரவு பக்கத்துத் தெருவில் ஆயிரம் வாலா வைத்தார்கள். லட்டு அதிரசத் தட்டின் பக்கத்திலிருந்து அசையவில்லை. இது சங்கிலிக் கொக்கியை நிமிர்த்திவிட்டு மதிலைத் தாண்டிப் போய்விட்டது. நானும் மகளும் ஸ்கூட்டரில் தேடினோம். ரயில்வே கேட் வரைக்கும், அதற்கப்பால் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் பொட்டல் வரைக்கும். தெருவெல்லாம் வெடித்த காகிதம், புகையில் தெருவிளக்கே மஞ்சளாகத் தெரிகிறது. அங்கே ஒரு குடோன் வாட்ச்மேன், வயதானவர், நாற்காலியிலிருந்து எழுந்து வந்து விசாரித்துவிட்டு "பேரச் சொல்லி சத்தமா கூப்பிடுங்க சார், இங்க எங்கயாவது பதுங்கி இருந்தா வந்துரும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. மகள் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் அந்தப் பொட்டலைப் பார்த்து "இந்தா, இந்தா" என்று கத்தினேன். மூன்று தெரு நாய்கள் வந்தன. வாட்ச்மேன் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் நான் அவ்வளவு கூசியது அந்த ஒரு இடத்தில்தான். சொற்களை வைத்துப் பிழைக்கிறவன் என்று வேறு சொல்லிக்கொள்கிறேன்.

விடிகாலை நாலரைக்கு அது தானாக வந்தது. கேட்டுக்கு வெளியே நின்றது, குரைக்கவில்லை, பிராண்டவில்லை. தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்திருந்த அம்மாதான் பார்த்துக் கதவைத் திறந்தாள். முன்னங்கால் பாதத்தில் வெட்டு, முதுகில் சிவப்புப் பட்டாசுக் காகிதம் ஒட்டியிருந்தது. அம்மா வெந்நீர் வைத்து உப்புப் போட்டுக் காலைக் கழுவிக்கொண்டே அதனோடு பேசிக்கொண்டிருந்தாள், எங்கே போனாய், யார் வீட்டில் இருந்தாய், ஒரு சத்தம் கொடுக்க மாட்டாயா என்று. நான் எழுந்து வந்தபோது "இவளுக்குப் பேச்சின்னு வைடா, வாயத் தொறக்காதவளுக்கு அதான் சரி" என்றாள். சாமி பெயரை நாய்க்கா என்று மனைவி தயங்கினாள். "நம்ம வீட்ல யாருக்குச் சாமி பேரு இல்ல?" என்று அம்மா காலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெயர் வைத்ததும் பேச்சி ஓடி வந்து மடியில் ஏறிவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் நான் "பேச்சி" என்றால் அது வாசலில் உட்கார்ந்தபடியே இருக்கும், உடம்பு அசையாது, முகமும் தெருவைத்தான் பார்க்கும். ஆனால் இடது காது மட்டும் மடிந்து பின்னால் வரும், என் பக்கம் ஒரு கணம் நிற்கும், அப்புறம் பழையபடி முன்னால் போய்விடும். முதலில் இரண்டு மாதம் இதை நான் கவனிக்கவே இல்லை. இப்போது ஒரு நாளைக்கு நாலு தடவை சும்மா கூப்பிட்டு அந்தக் காதைப் பார்க்கிறேன். அதே பெயரைக் கேட்டு லட்டு வாயில் யாருடைய செருப்பையாவது கவ்விக்கொண்டு வந்து நிற்கிறது.

இன்னொரு காரணம் சொன்னேனே. போன மாதம் ஒரு நண்பரோடு திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூருக்குப் போய் வந்தேன். அங்கே ஒரு நடுகல், ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமை மந்தையைக் காக்கப் போய் மாண்ட ஒருவனுக்கு எடுத்த கல். அவனோடு அவன் நாயும் கல்லில் இருக்கிறது. அந்த நாய் கள்ளரைக் கடித்து அங்கேயே காத்து நின்றது என்று எழுத்து சொல்கிறது. நாயின் பெயர் கோவிவன். கல்லில் எழுத்துக்கு எவ்வளவு பஞ்சம் என்று யோசியுங்கள், ஒவ்வொரு எழுத்தையும் உளியால் வெட்ட வேண்டும், அதில் நாயின் பெயருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என்ன இனம் என்று கல்லில் இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது தேவைப்படவில்லை. அங்கிருந்து வந்த சூட்டில்தான் உங்கள் கடிதம் கிடைத்தது, அதனால்தான் கொஞ்சம் அதிகமாகவே வாங்கிக் கட்டிக்கொள்கிறீர்கள்.

கேள்வி மறந்துவிட்டது பாருங்கள். கொழுந்தனார் தோட்டம். அனுப்பாதீர்கள். ஓட இடமிருக்கும் என்று நினைக்கிறீர்கள். முதல் வாரம் கோழியைத் துரத்தும், இரண்டாவது வாரம் மோட்டார் ரூம் பக்கத்தில் ஆறடிச் சங்கிலியில் கட்டிவிடுவார்கள், அப்புறம் அதுதான் அதன் தோட்டம். தோலில் கொழுப்பில்லாத நாய், மார்கழி ராத்திரியில் வெறும் சிமென்ட் தரையில் நடுங்கும். பேச்சிக்கு மெத்தை இல்லாவிட்டால் தூக்கமே வராது, எலும்பு குத்தும் போலிருக்கிறது, சோபாவை அதற்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. சோறு வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், நகர்ந்துவிடுங்கள். புருனோவைக் கட்டிப்போட்டுவிட்டு நகருங்கள். தெருவில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். கருத்தடை இன்னும் செய்யவில்லை என்றால், செய்யும்போது டாக்டரிடம் இது ஓடும் நாய் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், கொழுப்பு குறைந்த இந்த வகைக்குச் சில மயக்க மருந்து தெளிய ரொம்ப நேரம் எடுக்கும்.

தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பெயர் வைத்துவிட்டு எழுதுங்கள். கணவரை வைக்க விடாதீர்கள், அவர் ஏதாவது மன்னன் பெயராக வைப்பார்.