பைத்தானில் எத்தனை நிபந்தனை வரும் என்று முன்கூட்டியே தெரியாதபோது அவற்றை எப்படிக் கோர்ப்பது?

தேதி, மாவட்டம், தொகை என்று பயனர் எதையும் தேர்ந்தெடுக்கலாம், எதையும் விடலாம். அதற்கேற்ப பாண்டாஸ் நூலகத்தின் டேட்டாஃப்ரேமை, அதாவது அட்டவணையை, வடிகட்ட வேண்டும், இஃப்-எல்ஸ் எழுதியே கை ஓய்ந்துவிட்டது என்கிறீர்கள். நானும் அந்தக் காட்டில் அலைந்தவன்தான். 3 ஃபில்டருக்கு 8 கிளை எழுதி வைத்திருந்தேன். நான்காவது கேட்டார்கள். 16 ஆகும் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

இப்போது ஒரு காலி லிஸ்டில் தொடங்குகிறேன். பயனர் தொகை கொடுத்திருந்தால் அந்த நிபந்தனை லிஸ்டில் சேரும், இல்லையென்றால் சேராது, அவ்வளவுதான். கடைசியில் பைத்தானோடு வரும் ஃபங்க்டூல்ஸில் உள்ள ரிடியூஸ், & கொண்டு எல்லாவற்றையும் ஒரே ட்ரூ-ஃபால்ஸ் சீரிஸாக (வரிசைக்கு ஒரு மதிப்பு உள்ள ஒற்றை நெடுவரிசையாக) சுருக்கிவிடும். ரிடியூஸுக்குத் தொடக்க மதிப்பாக, எல்லா வரிசைக்கும் ட்ரூ உள்ள சீரிஸை டேட்டாஃப்ரேமின் அதே இன்டெக்ஸோடு (வரிசை அடையாளங்களோடு) கொடுங்கள். இல்லாவிட்டால் பயனர் எதையுமே தேர்ந்தெடுக்காத அன்று டைப் எரர் வரும்.

& எதற்கு, அண்ட் போதாதா? அண்ட் தன் இடப்பக்கத்திடம் ட்ரூவா ஃபால்ஸா என்று ஒரே பதில் கேட்கும். ஆயிரம் வரிசை உள்ள சீரிஸ் என்ன சொல்லும்? வேல்யூ எரர்தான். அண்ட், ஆர் இரண்டின் நடத்தையையும் நூலகங்கள் மாற்றிக்கொள்ள விடலாம் என்று பெப் 335 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு கேட்டது, அது நிராகரிக்கப்பட்டது.

அடைப்புக்குறியை மறக்காதீர்கள். தொகை > 500 & வயது < 30 என்று எழுதினால், & முந்திக்கொண்டு 500-ஐயும் வயதையும் சேர்த்துவிடும். மிச்சம் தொகை > ஏதோ < 30 என்ற தொடர் ஒப்பீடு. அதற்குள் ஒளிந்திருப்பது அதே அண்ட், அதே எரர்.

எரர் வந்தால்கூடப் பரவாயில்லை, வராத தவறுதான் என்னை மாட்டிவிட்டது. பயனர் "தவிர" பட்டனை அழுத்தினால் நிபந்தனைக்கு முன் ~ போட்டுத் திருப்பிவிடுவேன். சாதாரண ஃப்ளோட் (தசம எண்) நெடுவரிசையில் தொகை காலியாக இருந்தால் > 500 என்பதற்கு ஃபால்ஸ் வரும், திருப்பினால் ட்ரூ. தொகையே இல்லாத ஆர்டர்களெல்லாம் "500-க்கு மேல் போகாதவை" என்று அறிக்கையில் போய் உட்கார்ந்திருந்தன, ஒரு மாதமாக. இப்போது ~ வரும் இடத்திலெல்லாம் நாட்நா (மதிப்பு காலியாக இல்லை என்ற) நிபந்தனையையும் கூடவே லிஸ்டில் போட்டுவிடுகிறேன்.