புது கேம்ஷாஃப்ட் ஏன் தேய்ந்தது?

கேள்வி: என் 1970 கமரோவின் 350 வி8 இன்ஜினில் புது கேம்ஷாஃப்ட் போட்டு, பழைய லிஃப்டர்களையே மாட்டினேன். அரை மணி நேரம் ஐடிலில் விட்டு கார்புரேட்டரைச் சரிசெய்தேன். இப்போது டக் டக் சத்தம், ஒரு சிலிண்டர் மிஸ்ஸாகிறது. ஏன்?

பதில்: கேம்ஷாஃப்டில் ஒரு லோப், அதாவது லிஃப்டரைத் தள்ளி வால்வைத் திறக்கும் மேடு, தேய்ந்திருக்க வேண்டும். வால்வு கவரைக் கழற்றி இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். மற்றவற்றைவிடக் குறைவாக எழும்பும் ராக்கர் (வால்வை அழுத்தும் கை) தான் காட்டிக்கொடுக்கும். ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்பை விரித்தால் இரும்புத்தூள் மினுங்கும்.

இரண்டு தவறுகள். உங்கள் இன்ஜினில் உள்ள ஃபிளாட் டாப்பெட் (உருளைச் சக்கரம் இல்லாத) லிஃப்டரின் அடிப்பாகம் மிக லேசாகக் குவிந்தது. அது லோபின் சரிவில் சுழன்றுகொண்டே ஓட வேண்டும். பழைய லோபுக்குப் பழகித் தேய்ந்த லிஃப்டர் புதிய லோபில் சுழலாது, அறுக்கும். இரண்டாவது ஐடில். லோபுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்ட் வீசியடிப்பதில்தான் கிடைக்கிறது. மெதுவாக ஓடினால் அது போதாது.

இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கழுவுங்கள். கேமை மட்டும் மாற்றினால் அந்தத் தூள் பேரிங்குகளைத் தின்றுவிடும். மாட்டும்போது புது லிஃப்டர், லோபில் மாலிப்டினம் பேஸ்ட், துத்தநாகம் கூடிய பிரேக்-இன் (முதல் ஓட்டத்துக்கான) ஆயில். வால்வுக்கு இரட்டை ஸ்பிரிங் என்றால், இந்த முதல் ஓட்டத்துக்கு மட்டும் உள் ஸ்பிரிங்கை எடுத்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில்லால் ஆயில் பம்ப்பைச் சுற்றி, எல்லா ராக்கரிலும் எண்ணெய் வரும்வரை விடாதீர்கள். இக்னிஷன் டைமிங்கையும் கார்புரேட்டர் பெட்ரோலையும் முன்பே தயார் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகாமல் நீண்ட நேரம் ஸ்டார்ட்டரால் சுற்றுவதும் லோபைக் கெடுக்கும். ஸ்டார்ட் ஆனதும் 2,000 - 2,500 ஆர்பிஎம்மில், சற்று ஏற்றி இறக்கி, 20 - 30 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு ஆயிலும் ஃபில்டரும் புதிது.