சாதாரணக் கல்லூரிப் பேராசிரியருக்கும் இஸ்ரோ ஆராய்ச்சிப் பணம் தருமா?

தரும். ஐஐடிக்காரர்களுக்கு மட்டும்தானே என்று கேட்டிருந்தீர்கள், அது பாதி உண்மை. சென்னை, மும்பை போன்ற ஐஐடிகளிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் (ஐஐஎஸ்சி) இஸ்ரோவின் விண்வெளித் தொழில்நுட்பப் பிரிவுகளே இருப்பதால் அவர்களுக்குக் கதவு கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு 1970களிலிருந்து நடக்கும், கல்லூரி ஆய்வுகளுக்கு இஸ்ரோ பணம் தரும் 'ரெஸ்பாண்ட்' திட்டம் இருக்கிறது.

தனக்கு எந்தெந்தச் சிக்கலுக்கு விடை வேண்டும் என்று இஸ்ரோவே புத்தகம் போட்டு வெளியிடும். அதைப் புரட்டாமல் சொந்த யோசனையை மட்டும் எழுதி அனுப்புவது வீண் வேலை என்பேன். ஆய்வு மாணவரின் உதவித்தொகை, கருவி, பயணம் என்று தலைப்புவாரியாகப் பணம் வரும், கணக்கும் காட்ட வேண்டும்.

பெரிய உதாரணம் வேண்டுமா? இஸ்ரோ நிதியில் அண்ணா பல்கலைக்கழகம் செய்த 40 கிலோ செயற்கைக்கோள் அனுசாட், 2009 ஏப்ரல் 20-ல் பிஎஸ்எல்வி-சி12 ராக்கெட்டில் ரிசாட்-2 என்ற இன்னொரு செயற்கைக்கோள் கூடவே போனது. ஓரிடத்தில் செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, சுற்றிவந்து இன்னோரிடத்தில் இறக்கிவிடும், கிட்டத்தட்ட தபால்காரர் வேலை! அப்புறம், விண்ணப்பம் எழுதும் முன்பே உங்கள் துறையிலுள்ள இஸ்ரோ விஞ்ஞானி ஒருவரிடம் பேசிவிடுங்கள்.