பெரு, பொலிவியா, சிலி செல்ல இருக்கிறோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டே ஆக வேண்டுமா? எல்லைகளில் என்ன கேட்பார்கள்?

"பெருவில் யாரும் கேட்பதில்லை, ஊசி வேண்டாம்" என்று உங்கள் பயண முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது பொய் இல்லை. சென்னையிலிருந்து லிமாவில் போய் இறங்குகிறவரிடம் தடுப்பூசிச் சான்றிதழான அந்த மஞ்சள் அட்டையைக் கேட்பதில்லைதான். கேட்கப்போவது நம் நாடு, நீங்கள் திரும்பி வரும்போது. டிக்கெட் விற்கிறவர்களுக்குப் போகும் பாதிப் பயணம் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளின் பட்டியலில் பெருவும் பொலிவியாவும் இருக்கின்றன, சிலி இல்லை. பட்டியலில் உள்ள நாட்டை விட்டுக் கிளம்பி ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் இறங்கினால் செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆறு நாள் கணக்கு முடியும்வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். காரணம் எளிது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்டி கொசுதான் இந்தக் காய்ச்சலையும் பரப்புகிறது. அந்தக் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது, நோய் மட்டும் இங்கே வந்ததில்லை.

இதே நாடுகளுக்கு நாங்கள் கிளம்பும் முன் இதைச் சொன்னபோது எங்கள் குடும்பத்தில் பெரிய விவாதமே நடந்தது. என் சகலை ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். கொசுவைப் பற்றி அவரிடம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். "நாம் போகும் கூஸ்கோ 3,400 மீட்டர் உயரம், மச்சு பிச்சு 2,400க்கு மேல், லா பாஸ் 3,600. அமேசான் பக்கம் தலைவைத்தும் படுக்கப்போவதில்லை. 2,300 மீட்டருக்கு மேல் இந்த ஊசியே தேவையில்லை என்றுதான் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன" என்றார். ஒரு சொல்கூடத் தவறில்லை. ஆனால் நம் விமான நிலையத்தில் உயரத்தை அளப்பதில்லை, நாட்டின் பெயரைப் பார்க்கிறார்கள். நானும் என் மனைவியும் போட்டுக்கொண்டோம். கணவர் பேச்சைக் கேட்காமல் மைத்துனியும் போட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது சாண்டியாகோவிலிருந்து ஐரோப்பா வழியாக வந்தோம். சிலியில் ஆறு நாட்களுக்கு மேல் தங்கியிருந்தால் ஊசி போடாத சகலை தப்பித்திருப்பார், அவ்வளவு நாள் தங்கவில்லை. நம் விமான நிலையச் சுகாதார மேசையில் எங்கள் மூவரின் அட்டையைப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கேயும் உயரக் கணக்கை எடுத்தார். அந்த இளம் மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நீங்கள் சொல்வது சரி, அட்டை எங்கே?" என்றார். மிச்ச நாட்களைத் தனிமையறையில் கழித்தார், வீட்டுச் சாப்பாடு அனுப்பினோம். "சொன்னேனே" என்று நான் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. இதை அவர் படித்தாலும் மறுக்க மாட்டார்.

தடுப்பூசி நிறுவனத்துக்கு ஆள் பிடிக்கிறேன் என்று கருத்து எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எல்லோரும் போட்டுக்கொள்ளக் கூடிய ஊசி இல்லை இது. உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ். முட்டை ஒவ்வாமை கடுமையாக இருப்பவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் பேசாமல் போடக் கூடாது. அறுபது வயதைத் தாண்டி முதல் முறையாகப் போடுகிறவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. எனக்கு அறுபத்திரண்டு, எங்கள் மருத்துவர் பழைய நோய்க் குறிப்புகளை எல்லாம் பார்த்த பிறகே சம்மதித்தார். போட முடியாதவர்கள் சிலியைக் கடைசியில் வைத்து, ஆறு நாட்களுக்கு மேல் அங்கே தங்கி, பட்டியலில் உள்ள பிரேசில் வழியாக இல்லாமல் திரும்பும்படி திட்டமிடலாம்.

ஊசியை அரசு அனுமதித்த மையங்களில்தான் போட வேண்டும், கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. தெருமுனை மருத்துவமனைச் சீட்டு செல்லாது. போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே பெட்டி கட்டும் வாரத்தில் ஓடாதீர்கள். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லும். அட்டையில் உள்ள பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு பொருந்துகிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள்.

பெயர் என்றதும் வயிறு எரிகிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தையின் முதலெழுத்துதான். பள்ளிச் சான்றிதழில் அது முன்னால், வங்கியில் பின்னால், பான் கார்டில் முழுசாக விரித்து. இணையப் படிவங்களோ சிவப்பு நட்சத்திரம் போட்டுக் குடும்பப் பெயரைக் கேட்கின்றன, இந்திய நிறுவனங்களின் படிவங்களும் சேர்த்துத்தான். வேறு வழியில்லாமல் அப்பாவின் பெயரை அங்கே போட்டேன். அதன் பலன், பெரு முழுவதும் பஸ் ஊழியர்கள் காலமான என் அப்பாவின் பெயரைக் கூவி என்னை அழைத்தார்கள். பொலிவியா எல்லையில் தாய்வழிக் குடும்பப் பெயரையும் கேட்டார் அதிகாரி, அங்கே எல்லோருக்கும் இரண்டு உண்டு. அம்மாவுக்கே ஒன்று இல்லாதபோது நான் எங்கே போவேன்? யார் இதைச் சரிசெய்வார்களோ தெரியவில்லை.

சரி, எல்லைகள். டிட்டிகாக்கா ஏரிக்கரையில் கசானி என்ற இடத்தில் பெருவிலிருந்து பொலிவியாவுக்குள் நுழைவீர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பெருவின் வெளியேறும் முத்திரையை வாங்கி, நடந்தே அந்தப் பக்கம் போய் பொலிவியாவின் முத்திரையை வாங்க வேண்டும். பஸ் அவசரப்படுத்தினாலும் முத்திரை பதிந்த தேதியைப் பார்க்காமல் நகராதீர்கள். உயூனி உப்புப் பாலைவனத்திலிருந்து சிலிக்குப் போகும் இட்டோ கஹோன் கணவாய் 4,400 மீட்டருக்கும் மேலே, காற்று காதை அறுக்கும்.

சிலியில் ஆளைவிடப் பையைத்தான் சோதிக்கிறார்கள். பழம், விதை, தேன், பால் பொருள் எதுவானாலும் படிவத்தில் "ஆம்" என்று எழுதுங்கள். எழுதிவிட்டால் மிஞ்சினால் பொருளை எடுத்துக்கொள்வார்கள், மறைத்துப் பிடிபட்டால் அபராதம். என் மனைவியின் பருப்புப்பொடியை அதிகாரி முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தார், உலர்ந்த கறிவேப்பிலை போயிற்று. மலையேற்ற மயக்கத்துக்காகப் பொலிவியாவில் வாங்கும் கோகா இலையையும் அங்கேயே தீர்த்துவிடுங்கள்.

விசாவைப் பற்றி அந்தந்தத் தூதரகத்திடமே கேளுங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது ஷெங்கன் விசா ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தால் பெருவுக்குத் தனி விசா தேவையில்லை என்ற சலுகை 2017இல் வந்தது, அது இன்றும் நடைமுறையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு டிக்கெட் எடுங்கள். திரும்பும் வழி எது என்று நீங்கள் எழுதவில்லை. கீழே எழுதினால், சிலியில் எத்தனை நாள் வைக்கலாம் என்று சொல்கிறேன்.