டீச்சர் பதில்கள்: மார்க்கை மடித்து மறைக்கிறோம்

கேள்வி: டீச்சர், எனக்கு 27 வயது. குரூப் 4 தேர்வை மூன்று முறை எழுதிவிட்டேன், கிடைக்கவில்லை. கடைசி முறை நாலைந்து கேள்விகளில் போய்விட்டது. காலையில் அப்பாவோடு மரவள்ளிக் காட்டுக்குப் போய் வந்துதான் படிக்கிறேன். "மனசுல நம்பிக்கை இருந்திருந்தா ஜெயிச்சிருப்ப" என்கிறார் சித்தப்பா. தினமும் கண்ணாடி முன்னால் நின்று "நான் ஜெயிப்பேன்" என்று சொல்லியும் பார்த்தேன். கோளாறு என் மனசில்தானா?
– பெயர் வேண்டாம், ஆத்தூர்

பதில்: இல்லை தம்பி. லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள், இடங்களோ சில ஆயிரம். நம்பிக்கை இருந்தால் கிடைத்திருக்கும் என்றால், கிடைக்காத அத்தனை பேருக்கும் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், இந்தக் கணக்கு தப்பு.

ஆனால் மனநிலைக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது வேலை செய்கிற இடம் வேறு.

31 வருடம் விடைத்தாள் திருத்திக் கொடுத்திருக்கிறேன். தாள் கைக்கு வந்ததும் பிள்ளைகள் மேல் மூலையை மடித்து மார்க்கை மறைப்பார்கள். அப்புறம் அந்தத் தாளைத் திறக்கவே மாட்டார்கள். ஒரு வருடம், மொத்த மார்க்கே போடாமல், தப்பு தொடங்கிய வரியை மட்டும் வட்டமிட்டுக் கொடுத்தேன். மார்க் எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்ப்பதற்காகவாவது தாளை முழுதாகப் புரட்டினார்கள். "மிஸ், நாலாவது வரியில மைனஸ விட்டுட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் மனநிலை என்பது இதைத்தான்.

நானும் மடித்தவள்தான். கல்லூரியில் ஒரே பேப்பரில் இரண்டு தடவை அரியர். அந்தப் புத்தகத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டு மேலே புடவைகளை அடுக்கிவிட்டேன். அறைத்தோழி ஒருத்தி அதை எடுத்து என் மடியில் வைத்து, "எந்தப் பக்கத்துல புரியாமப் போச்சு?" என்று கேட்டாள். ஒன்பதாம் பக்கம். மூன்று வருடப் படிப்பில் நான் ஒன்பதாம் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்!

உங்கள் மாவட்டத்துக்காரர் மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து மேலே ஏறியதில் அவருடைய வலது கால் நசுங்கியது. உயரம் தாண்டுதலில் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் மழை, பாதிக்கப்பட்ட காலின் காலுறை நனைந்து தாண்டச் சிரமப்பட்டார். 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். மன உறுதிக் கதையாகத்தான் இதை மேடைகளில் சொல்வார்கள். காய்கறி விற்ற அம்மா சிகிச்சைக்கு வாங்கிய கடன், பள்ளியில் அவரைக் கவனித்த உடற்கல்வி ஆசிரியர், பெங்களூரில் பயிற்சி கொடுத்தவர், இவர்களையெல்லாம் விட்டுவிட்டுச் சொல்கிறபோது எனக்குக் கோபம் வரும். தனியாக நிற்கிற மனசு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. அறிவு வளரக்கூடியது என்று ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிக்கொடுத்தார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண் (அங்கே முழு மதிப்பெண் 4) 0.1 புள்ளி உயர்ந்தது. சின்ன உயர்வுதான், ஆனால் உண்மையானது. சவாலான பாடத்தை எடுத்துச் செய்வதைச் சக மாணவர்கள் மதித்த பள்ளிகளில் பலன் கூடுதலாக இருந்தது.

அதனால் கண்ணாடியை விட்டுவிட்டு கேள்வித்தாளை எடுங்கள். 200 கேள்விகள்: தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு, தெரியாமல் விட்டதையும் தெரிந்திருந்தும் தப்பாக்கியதையும் தனித்தனியாக எண்ணுங்கள். இனி மாதிரித் தேர்வு எழுதும்போது, குருட்டாம்போக்கில் போடுகிற விடைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அது சரியாக வந்தாலும் தெரியாத கணக்கில்தான் சேரும். என் அனுமானம், திறனறிவில் கொஞ்சம் கவனித்தாலே அந்த நாலைந்து கேள்வி வந்துவிடும். அந்த 25-ஐ எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம். கிளை நூலகத்தில் உங்களைப் போலப் படிக்கிற ஒருவரையாவது பிடியுங்கள்.

இன்னொன்று. இன்னும் எத்தனை முறை எழுதுவது என்பதை இப்போதே அப்பாவோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு மேல் நிறுத்தினால் அது தோல்வி இல்லை.

கேள்வி: என் மகளை எல்லோரும் "புத்திசாலி" என்பார்கள். எட்டாவது வந்த பிறகு, கஷ்டமான கணக்கு என்றால் நோட்டை மூடிவிடுகிறாள். ஏன் டீச்சர்?
– ஒரு தாய், கரூர்

பதில்: அந்தப் பட்டம் போய்விடுமோ என்ற பயம் அம்மா. 1998-இல் மியூல்லர், டுவெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்தார்கள். "புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் சுலபமான வேலையைக் கேட்டார்கள். "நன்றாக உழைத்தாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் கற்றுக்கொள்ளக்கூடிய கஷ்டமானதை எடுத்தார்கள். இன்று ராத்திரி அவள் கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். "இந்த வரியில இருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போனே?" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள்.